அவள் எதிரில் குடித்த தண்ணீர்

பெரம்பலூரில் பி.எட். படித்த வருடம் என் மகனுக்கு ஒரு வயது. அவனை அரியலூரில் மாமியாரிடம் விட்டுவிட்டுத் தினமும் பஸ்ஸில் வந்து போனேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் லப்பைக்குடிக்காட்டுப் பெண். என்னைவிட இளையவள். மிஸ்வாக் குச்சியால்தான் பல் துலக்குவாள். எங்களோடு படித்த ஏலாக்குறிச்சித் தோழி அதற்காக அவளைச் சீண்டுவாள்.

“நாங்களே வேப்பங்குச்சிய விட்டு எவ்வளவு நாளாச்சு. நீ இன்னும் குச்சிதானாடி?”

“இது எங்க அத்தா துபாய்லேர்ந்து குடுத்தனுப்புனதுடி. உன் வேப்பங்குச்சி பிளேன்ல வந்துச்சா?”

ரமலான் மாதத்தில் நாங்கள் யாரும் அவள் எதிரில் சாப்பிட மாட்டோம். டிபன் பாக்ஸோடு வெளியே போய்விடுவோம். யாரும் சொல்லி வந்த வழக்கமில்லை. தண்ணீர் பாட்டில்கூடப் பைக்குள்தான் இருக்கும்.

அந்த மாதத்தில்தான் கல்லூரிக்குப் பல் மருத்துவ முகாம் வந்தது. அதற்கு முன்பே அவள் ஒரு பக்கக் கன்னத்தைத் துப்பட்டாவால் மறைக்கத் தொடங்கியிருந்தாள். பல்வலிக்குக் கிராம்பு கொடுத்தேன். “நோன்பு வச்சிருக்கேங்க்கா” என்று திருப்பித் தந்தாள். வற்புறுத்த எனக்கு என்ன உரிமை என்று விட்டுவிட்டேன். முகாமன்று கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. கையைத் தொட்டால் கொதித்தது. இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தினேன்.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். “கடவாப்பல்லுக்குக் கீழ சீழ் கட்டியிருக்கு. இப்பவே ஏதாவது சாப்பிட்டுட்டு இந்த மாத்திரையப் போடு. கிளினிக்குக்கு வா, கீறி விட்டுறலாம்.”

“நோன்பு தொறந்துட்டு சாயங்காலம் வரேங்க டாக்டர்.”

“அவ்வளவு நேரம் விடக் கூடாதும்மா. வீக்கம் கழுத்துக்கு எறங்குது. மூச்சே அடைச்சிரும்.” கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னார்.

அரியலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பிள்ளை பாலுக்கு அழுவான். இவளை விட்டுப் போகவும் முடியவில்லை. காலி வகுப்பறையில் உட்காரவைத்தேன்.

“உடம்பு முடியலன்னா ஒங்கள்ல...” என்று தொடங்கி நிறுத்தினேன். தப்பாகச் சொல்லிவிட்டால்?

“தெரியும்க்கா. சீக்காளி நோன்ப விடலாம். பெருநா கழிச்சு வச்சுக்கலாம்.” எச்சிலை விழுங்க முடியாமல் முகம் சுளித்தாள்.

“அப்பறம் ஏன்டி?”

“எனக்காக நீங்கல்லாம் வெயில்ல நின்னு சாப்புடுறீங்க. தண்ணியக்கூட ஒளிச்சுக் குடிக்கிறீங்க. ஒங்க கண்ணு முன்னாடி நான் எப்புடிக்கா குடிப்பேன்? இவ நோன்பு இவ்வளவுதானான்னு தோணாது?”

பையைத் திறந்து பாட்டிலை எடுத்தேன். அவள் எதிரிலேயே அண்ணாந்து குடித்தேன். பாதித் தண்ணீர் புடவையில் கொட்டியது. டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு வாய் தயிர்ச்சோறும் சாப்பிட்டேன். செய்வது சரியா, பாவமா, தெரியவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கையை நீட்டினாள். வாய் ஒரு விரல்கூட நுழையாத அளவுக்குத்தான் திறந்தது. மூடியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டேன். மகனுக்குப் பிசைவதுபோலச் சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டி, மாத்திரையைக் கொடுத்தேன்.

ஏலாக்குறிச்சிக்காரி வாசலில் வந்து நின்றாள். காலிப் பாக்ஸைப் பார்த்தாள். “ஆட்டோ நிக்குது, வாங்க. ஏண்டி, பிளேன்ல வந்த குச்சி கைவிட்டுருச்சா?”

அவள் சிரிக்கப் பார்த்து, வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

கிளினிக் சேரும்வரை அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஊர் பஸ் எதிரே கடந்து போனது. கீறி முடித்து வெளியே வந்தவள், ஆட்கள் நிறைந்த பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, என் பாட்டிலைக் கேட்டு வாங்கினாள்.