தாய்மாமன் மடியில் ஒரு மயக்கம்

போன ஞாயிறு, சுங்கை லாலாங் கோயில் மண்டபத்தில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும்? அவளுக்கு நான் ஒரே மாமன். புது வேட்டி, மடியில் மூன்று வயது மயூரி, நெஞ்சு நிறையப் பெருமை...

ஆசாரி இடது காதில் ஊசியை இறக்கினார். ஒரு சொட்டு ரத்தம். கடுகளவு.

என் முதுகில் குளிர்ந்த வேர்வை. நாதஸ்வரம் எங்கோ தூரத்து ஊரான ஜித்ரா பக்கம் போய்விட்டதுபோல் தேய்ந்தது. பிறகு... தலைக்கு மேலே சுழலும் காற்றாடி. நான் தரையில்!

"அலாமாக்! மச்சான், காது உங்களுக்கா குத்துனாங்க?" என்றார் தங்கையின் கணவர். மயூரியைப் பாய்ந்து பிடித்தது அவர்தான். பிடிக்காமல் விட்டிருந்தால்? நினைக்கவே கூசுகிறது.

"மாமா செத்துட்டாங்களாம்மா?" அழுகைக்கு நடுவே மயூரி.

செத்திருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது.

இதயம், குடல், ரத்தக் குழாய் — இவற்றை ஓட்டுவது நாமல்ல. தன்னியக்க நரம்பு மண்டலம். அதில் ஒரு பிரிவு முடுக்கும், இன்னொன்று தணிக்கும். ரத்தத்தைக் கண்டால் சிலருக்குத் தணிப்பு அளவு மீறிவிடும். இதயம் மந்தமாகும், குழாய்கள் தளரும், ரத்தம் காலுக்கு இறங்கும், மூளைக்குப் போதாது. நம்மைக் கேட்டா செய்கிறது? இதயத்தைப் பற்றி இத்தனை வருடம் உருகி உருகிக் கவிதை எழுதியவன் நான் — என் பேச்சை அது ஒருநாளும் கேட்டதில்லை!

இதையெல்லாம் அங்கே யாரிடம் விளக்குவது? வலது காது பாக்கி.

"மச்சானுக்கு முடியாதுலா. எங்க சித்தப்பா உக்காரட்டும்" என்றார் தங்கையின் கணவர்.

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். நான் வேட்டிக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே மாமன்... அந்த இடமும் போயிற்றா?

தங்கை குறுக்கே வந்தாள். "எம் புள்ளைக்கு இருக்கிறது ஒரு மாமன். அண்ணே, உக்காந்தாதான மயக்கம் வருது? படுத்துக்க!"

படுத்தேன். படுத்தால் ரத்தம் தலைக்குச் சுலபமாகப் போய்ச் சேரும். உடலியல் சரிதான், மானம்தான் எங்கும் போய்ச் சேரவில்லை. மயூரி என் வயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்தாள். சுற்றிலும் கைப்பேசிகள் உயர்ந்தன. கண்களை இறுக மூடிக்கொண்டேன்.

வீல் என்று ஓர் அலறல்.

மயூரி இந்த முறை அழவே இல்லையாம்.