மீனும் இறைச்சி என்று எழுதியவர்

செய்தியைக் கொண்டுவந்தவன் என் மைத்துனன் அந்தோணி. மணலியிலிருந்து கும்மிடிப்பூண்டிப் பக்கம் லாரி ஓட்டுகிறவன். செருப்பைக்கூடக் கழற்றாமல், "மாமா, ஒன் ஜென்ம விரோதி பூட்டாரு. அதான், ஓட்டல்காரரு" என்றான்.

என் மனைவி ரோஸ்லின் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தக் கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டு, "என்னிக்கு?" என்றாள்.

"வெள்ளிக்கெழம."

"அதானே பாத்தேன். எங்க மேல இருந்த காண்டுல நாளு பாத்து பூட்டுக்கீறாரு."

இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது முறை. ஓட்டல்காரர் தணிகாசலத்தைப் பற்றிச் சொல்ல நானும் முயன்றேன். அவருடைய கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருந்தது. அவர் ஓட்டலில் தங்கிய வேறு யாருக்காவது இதற்குமேல் ஏதேனும் நினைவிருந்தால் தெரிவிக்கலாம்; சேர்த்துக்கொள்கிறேன்.

பொன்னேரிக்கு அப்பால், வயல்களுக்கு நடுவில் இருந்தது அந்த ஓட்டல். கீழே சாப்பாடு, மாடியில் மூன்று அறைகள். பட்டணத்துக் குடும்பங்கள் உடம்பு தேறுவதற்கென்றே நடத்தப்படுவதாக வாசலில் எழுதியிருந்தது. வந்தவர்கள் தேறிவிடக் கூடாது என்பதில் உரிமையாளர் காட்டிய அக்கறையை உள்ளே போனபிறகுதான் அறிந்தோம். தலையணை கேட்டேன். "காத்து வாங்க வந்தீங்களா, தலகாணி வாங்க வந்தீங்களா?" என்றார். காப்பி ஆறியிருக்கிறது என்றேன். "அதுவும் இந்தக் காத்துதான்" என்றார். நாங்கள் சாப்பிடும்போது எதிரில் நின்று ஒவ்வொரு கவளத்தையும் வழியனுப்பிவைத்தார்.

எங்களுக்குப் போக்கிடம் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. திருவொற்றியூரில் எங்கள் வீடு. மேற்கிலிருந்து காற்று அடித்தால் மணலிப் புகை நேராகக் கூடத்துக்கு வந்து உட்காரும். என் மகள் பிலோமினாவுக்கு அப்போது ஆறு வயது. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் இரவெல்லாம் என் தோளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். எங்கள் வீட்டு மூன்று படிகளில் அவளைத் தூக்கித்தான் ஏற்றுவேன். ராயபுரத்து டாக்டர் மருந்துச் சீட்டை மூடிவைத்துவிட்டு, "இரண்டு வாரம் நல்ல காற்று. இல்லாவிட்டால் மழைக்காலத்தைத் தாங்க மாட்டாள்" என்றார். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த நான் விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஓட்டல் கூடத்தில் கறுப்புச் சாயம் பூசிய பெரிய மரப்பலகை ஒன்று இருந்தது. அதில் வெள்ளைப் பெயின்டில் விதிகள். தணிகாசலம் தாமே எழுதியவை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குடும்பத்தின் மேல் வந்த கோபத்தில் எழுதியது. 'கிணற்றடியில் பாடக் கூடாது' என்றால் எவரோ பாடியிருக்கிறார்கள். 'ஊஞ்சலில் இருவர் உட்காரக் கூடாது' என்பது புதுமணத் தம்பதியரின் நினைவுச் சின்னம். இதையெல்லாம் மதிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டேன். "பலகையில இருக்கிறது சட்டம். இல்லாதது ஒங்க இஷ்டம்" என்றார். இந்தக் கொள்கையில் மட்டும் அவர் நேர்மையானவர், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தங்கும் குடும்பங்கள் விரும்பினால் பின்கட்டுக் கொட்டகையில் தாங்களே சமைத்துக்கொள்ளலாம். ஆனால் பலகையில் ஒரு வரி இருந்தது: 'வெள்ளிக்கிழமை இறைச்சி சமைக்கக் கூடாது.' தணிகாசலம் முருக பக்தர், வெள்ளிக்கிழமை விரதம். நாங்கள் கத்தோலிக்கர்கள், எங்களுக்கும் வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கு. அந்த வரியைப் படித்ததும் ரோஸ்லினின் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? மனுசன் மொறச்சிகினு இருந்தாலும் நம்மாளு மாதிரிதான் கீறாரு."

வெள்ளிக்கிழமை காலை பழவேற்காட்டு மீன்காரி ஒருத்தி அந்த வழியாகப் போனாள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றாலே மீன்தான். இறைச்சி இல்லாத நாளில் வேறென்ன தின்பது? ரோஸ்லின் பக்தியோடு கொட்டகையில் வறுத்தாள். அத்துடன் நின்றிருக்கலாம். விரதம் இருக்கிற பெரியவர் ஆயிற்றே என்று ஒரு தட்டில் நாலு துண்டு எடுத்துவைத்து, வாழை இலையால் மூடி, தானே கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள்.

தணிகாசலம் இலையை விலக்கிப் பார்த்தார். "இன்னாம்மா இது?"

"மீனு, நைனா. சாப்புடு. வெள்ளிக்கெழமயாச்சே."

"வெள்ளிக்கெழமன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதானே கறி எடுக்கல!"

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. மூட்டையைக் கட்டு, முதல் பஸ்ஸில் ஏறு என்று கத்தினார். நான் குறுக்கே போய், மீன் இறைச்சி ஆகாது என்பது திருச்சபையின் நெடுநாளைய தீர்ப்பு என்று விளக்கினேன்.

"ஒன் திருச்சபைய இங்க வந்து ஒரு ரூம் எடுக்கச் சொல்லு. அப்புறம் பேசிக்கலாம்."

அத்தோடு வாதத்தில் நான் தோற்றேன். வந்து நான்கே நாள் ஆகியிருந்தது. நான் மூட்டை கட்டத் திரும்பினேன். ரோஸ்லின் நகரவில்லை.

"மேல எம் பொண்ணு படுத்துகினு தூங்குது. படுத்துகினு! பொறந்ததுலேர்ந்து இப்பதான். நீயே போயி எழுப்பு நைனா. எழுப்பிட்டேன்னா நான் பூட்றேன்."

அவர் உண்மையிலேயே மாடியேறிப் போனார். எழுப்புவதற்காகத்தான் போனார், அவருக்குக் கூடுதலாக எந்தப் பெருமையும் சேர்க்க நான் தயாரில்லை. நாங்கள் கீழே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். குழந்தை அழும் சத்தம் கேட்கவில்லை. இறங்கி வந்தவர் எங்களைப் பார்க்கவே இல்லை. பெயின்ட் டப்பாவை எடுத்தார். பலகை முன் நின்று, பழைய வரிக்குக் கீழே, நிதானமாக எழுதினார்: 'மீனும் இறைச்சியே.'

தூரிகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இது இன்னிக்கு எழுதின சட்டம். காலைல இல்ல. இல்லாத சட்டத்துக்குத் தண்டன குடுக்க முடியாது. அடுத்த வெள்ளிக்கெழம வாசனை வரட்டும், அப்பத் தெரியும் சேதி."

தட்டைக் காலால் எங்கள் பக்கம் தள்ளினார். அதன்பின் எங்களோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சாம்பாரில் உப்பைக் குறைத்தார். கிணற்று வாளியைப் பூட்டிவைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் ரோஸ்லினைக் கேட்கவைத்தார். அவளும் சளைக்கவில்லை, தேவையில்லாதபோதும் கேட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் காலையிலிருந்து கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரோஸ்லின் அவர் எதிரில் மணையைப் போட்டுப் பூசணிக்காய் நறுக்கினாள். வாழ்க்கையில் வேறெந்தக் காய்க்கும் அவள் அத்தனை பெரிய கத்தியை எடுத்ததில்லை.

இரண்டு வாரம் முடிந்து ஊர் திரும்பினோம். அவர் வழியனுப்ப வரவில்லை. நாங்களும் சொல்லிக்கொண்டு வரவில்லை. பிறகும் ஒரு கடிதம் போட்டதில்லை. மழைக்காலம் வந்தது, போனது. பிலோமினா இப்போது பள்ளி இறுதி வகுப்பில் படிக்கிறாள். இறந்தது யார் என்று கேட்டாள். சொன்னோம். அவளுக்கு அவர் முகம் நினைவில்லை.

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இறந்துவிட்டார் என்பதற்காக அவரை மன்னிக்கிற உத்தேசம் எனக்கில்லை; அவரும் அதை எதிர்பார்க்கிறவர் அல்லர். ஆனாலும் அவரிடமிருந்து ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறேன். கிளம்பிய அன்று காலை, பெட்டியோடு கூடத்தைக் கடக்கும்போது பார்த்தேன். பலகையில் ஈரம் காயாத ஒரு புதிய வரி. அந்த வாரம் அங்கே தங்கியிருந்தவர்களில் குழந்தையோடு வந்தவர்கள் நாங்கள் மட்டுமே.

'குழந்தைகள் மாடிப்படியில் ஓடக் கூடாது.'

என் மகளைப் பற்றி இதுவரை எவரும் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.