கப்பலில் வந்த கொட்டலசு

என் நைனாவுக்குத் துறைமுகத்தில் கப்பல் அடியைச் சுரண்டும் வேலை. இரும்புத் தகட்டில் கல் மொட்டுகளைப் போல அப்பியிருக்கும் கொட்டலசு என்ற கடல் உயிரைப் பெயர்த்துப் பெயர்த்து அவருடைய உள்ளங்கையும் அப்படியே சொரசொரப்பாகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். மூன்றாம் வகுப்புக்கே வீட்டில் எனக்கு ஏக மரியாதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் கரையில் நைனா சட்டென்று குனிந்து ஒரு கல்லைத் தூக்கினார். வழக்கமான சின்னச் சின்ன வெள்ளைக் கொட்டலசுகளுக்கு நடுவே, கட்டைவிரல் பருமனில், சிவப்புக் கோடு போட்ட ஒரு கொட்டலசு.

"இன்னாமே இது! இத்தினி வருசமா சீமைக் கப்பல் அடியிலதான் பாத்துக்கீறேன். இப்ப நம்ம கல்லுலயே குடி வந்துகீது."

டப்பாவில் கடல்நீர் மொண்டு கல்லை அதில் போட்டார். சற்று நேரத்தில் அதன் வாய் திறந்து, மயிர் போன்ற கால்கள் வெளியே வந்து தண்ணீரை அள்ளின.

"காலப் பாத்தியா? சிப்பி இல்லமே, எறா ஜாதி. வூடு கட்டிகினு உள்ள குந்திகீது."

மறுநாள் டப்பாவோடு வகுப்புக்குப் போனேன். டீச்சர் எட்ட நின்று பார்த்து, "சிப்பி" என்றார். இறால் என்றேன். கப்பலில் ஒட்டிக்கொண்டு வந்தது என்றேன்.

"யார் சொன்னது?"

"எங்க நைனா."

வகுப்பே சிரித்தது. எதிர்த்துப் பேசுகிற பெண்ணுக்கு இங்கே இடமில்லை, நாளைக்கு அப்பாவோடு வந்தால் உள்ளே வா என்றார் டீச்சர். டப்பா அவர் மேசையிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் நைனா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து வகுப்பு வாசலில் நின்றார். இப்போது பாருங்கள் என்று நான் நிமிர்ந்து நின்றேன். டப்பாவுக்குள் அது கால்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தது. நைனா அதைப் பார்த்தார். பிறகு டீச்சரைக் கும்பிட்டார்.

"நீங்க சொன்னா சரிதாம்மா. சிப்பிதான். எனுக்கு இன்னா தெரியும்? கொயந்த படிக்கட்டும்."

கால் இருக்கிறது, ஆனால் சிப்பி. முந்தாநாள் இறால், இன்று சிப்பி. டீச்சர் என்னை உட்காரச் சொன்னார்.

இன்று கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். கொட்டலசு இறாலுக்கும் நண்டுக்கும் உறவு, கப்பல்களில் ஒட்டிப்போய் வேற்றுக் கடல்களில் குடியேறும் என்று என் புத்தகம் சொல்கிறது.

நைனா டீச்சரைக் கும்பிட்ட அன்று மாலை முழுக்க நான் அவரோடு பேசவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லி என் மானத்தை வாங்கிவிட்டார் என்று கோபம். தெரிந்ததையே தெரியாது என்று ஒருவர் சொல்லக்கூடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.