ஒரு துளை தள்ளிய சட்டை

சிவகாசி அச்சகத்தில் அந்த அச்சுக் கோப்பவரைப் பார்த்ததும் என் கண் அவர் சட்டையில்தான் விழுந்தது. பித்தான்களை ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தார். எங்கள் விவசாய அலுவலகத்தின் மழைப் பட்டியலை இவரா கோத்தார் என்று பயந்தேன்.

எங்கள் பட்டியலின் புரூஃப் தாள் மேல் ஒரு நூலை நெட்டுக்குத்தாகப் பிடித்து, தசமப் புள்ளிகளெல்லாம் அதனடியில் நிற்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ எண்களின் வலது ஓரம் கோணல்மாணலாக இருந்தது பிடிக்கவில்லை. கடைசி இலக்கங்களை ஒட்டி நிறுத்தச் சொன்னேன்.

"காரியாபட்டில பெஞ்சது 12.5 அங்குலம், ஆலங்குளத்துல 1.25. கடைசிய ஒட்டி நிறுத்துனா ரெண்டும் ஒரே அகலத்துல நிக்கும் சார். ஒண்ணே காலப் பன்னெண்டரைன்னு படிச்சிட்டு, அம்புட்டு மழை எங்கன பெஞ்சதுன்னு ஆலங்குளத்துக்காரன் உங்களத்தான் தேடி வருவான்."

புள்ளிகளை அவர் நிறுத்தியபடியே விடச் சொன்னேன். ஆனால் கிளம்பும்போது மனசு கேட்கவில்லை.

"அண்ணாச்சி, சட்டைப் பித்தான் மாறிக் கிடக்கு."

குனிந்து பார்த்தார். "இத யாரு சார் புரூஃப் பாக்கப் போறாக?" என்றபடி நூலை அடுத்த பத்திக்கு நகர்த்தினார்.

மறுவாரம் பட்டியலை வாங்கப் போனேன். ஒரு புள்ளிகூட விலகவில்லை. பித்தான்களும் அப்படியேதான் இருந்தன.