பூண்டு தொங்கிய கேபிள்

எனக்குப் பொறுமை கிடையாது. கல்யாணமாகிப் போன வீட்டில் இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு அதிக நாள் ஆகவில்லை. கொடைக்கானலில் இருந்து ஜீப் பிடித்துப் போகவேண்டிய மேல்மலை ஊர் அது. பூண்டுதான் வெள்ளாமை. நானோ கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றில், வெளிநாட்டு டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்கிறவள். வீட்டில் இருந்தே செய்யலாம் என்று கம்பெனி சொன்ன பிறகுதான் இந்தக் கல்யாணத்துக்கே தலையாட்டினேன்.

வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. ஊருக்கு வெளியே சாலை திரும்பும் ஒரு வளைவில் மட்டும், கீழே சமவெளியில் நிற்கும் டவரின் புண்ணியத்தில் கொஞ்சம் கிடைக்கும். வெள்ளனே எழுந்து கணவர் என்னை ஜீப்பில் கொண்டுபோய் அங்கே நிறுத்துவார். மடியில் லேப்டாப், காதில் ஹெட்போன், கழுத்துவரை கம்பளி. மேகம் இறங்கினால் டாக்டரின் பேச்சு பாதியில் நின்றுவிடும். ஒருநாள் ஜீப்புக்கு முன்னால் காட்டுமாடு வந்து நின்றுகொண்டு என்னையே பார்த்தது. போ என்று சொல்லவும் பயம், வேலையை நிறுத்தவும் பயம். வத்தலக்குண்டுக்குப் பூண்டு மூட்டை ஏற்ற வேண்டிய வண்டி என் ஆபீஸாக நின்றுகொண்டிருந்தது. கணவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே எனக்கு உறுத்தல்.

கடைசியில் கம்பெனியில் புதிதாக வந்த சூப்பர்வைசர் போனில் முடிவாகச் சொன்னார். "இந்த மாசக் கடைசிக்குள்ள வீட்டுக்கு ஒழுங்கா லைன் வரணும். இல்லன்னா இங்க ஆபீஸ்ல வந்து உக்காந்துருங்க. ரெண்டும் முடியாதுன்னா வேற ஆளப் பாத்துக்குறோம்."

வேலையை விட முடியாது. பூண்டு விலை ஏறினாலும் இறங்கினாலும் வீட்டுக்கு நிச்சயமாக வருவது என் சம்பளம்தான். ஆனால் கோயம்புத்தூர் போனால் ஹாஸ்டல். பாதிக் கல்யாண வாழ்க்கை போனில்தான் நடக்கும். வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன்.

மாமனாருக்கும் கணவருக்கும் தினமும் அடுப்பங்கரையில் இதே வழக்கு.

"ரோடு போட்டது யாரு? கரண்டு குடுத்தது யாரு? இதையும் கவர்மெண்டுதான் குடுக்கணும். நம்மள மாதிரி நாலு வீட்டுக்காகக் கம்பெனிக்காரன் மலையேறி வருவானா?" என்பார் மாமனார்.

"கவர்மெண்டு வச்ச நெட் பெட்டிதான் பஞ்சாயத்து ஆபீஸ்ல தூசி பிடிச்சுக் கெடக்கேப்பா. கொடைக்கானல் கேபிள்காரர்ட்ட சொன்னா வெரசா இழுத்துருவாரு."

"ஏலே, வருமானம் இல்லன்னா அதே வெரசாக் கழட்டிட்டும் போயிருவான்."

இரண்டு பேர் சொன்னதும் சரி. அதுதான் எனக்கு ஆத்திரம். பேசிப் பேசி ஒரு முழ வயர்கூட வீட்டுக்கு வரவில்லை. நானே கிளம்பினேன்.

கொடைக்கானல் பக்கம் அட்டுவம்பட்டியில் இருந்த அந்தக் கேபிள்காரர் மரியாதையாக உட்கார வைத்து டீ கொடுத்தார். "காட்டேஜ் ரெண்டு இருந்தாக்கூட நாளைக்கே வந்துருவேன் மேடம். பூண்டுக்காரங்க வீட்டுக்கு அவ்வளவு தூரம் இழுத்தா எனக்குக் கட்டுபடியாகாதுங்க" என்றார். அங்கிருந்து அரசாங்க ஆபீஸுக்குப் போனேன். அந்த அதிகாரி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"உங்க ஊருக்கு லைன் வந்தாச்சேம்மா. பெட்டியும் வச்சாச்சு. வீடுகளுக்கு இழுக்குற கேபிள் சுருளையும் அப்பவே அங்க எறக்கிட்டோம். காண்ட்ராக்டர் பாதியில போனதால நிக்குது. ஆள் அனுப்புறேன், சுருள எடுத்து வைங்க."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சொன்னபடி ஆளும் வந்தார். பெட்டியைத் திறந்து ஏதோ செய்தார், பச்சை விளக்கு எரிந்தது. திரும்பி, "சுருள் எங்கங்க?" என்றார். சுற்றி நின்றவர்களில் ஒருவர் வானத்தைப் பார்த்தார், ஒருவருக்குத் திடீரென்று தோட்டத்தில் சோலி வந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பொது இடத்தில் கிடக்கும் பொருளை ஒரு மழைக்காலம் முழுக்க யாரும் தேடி வராவிட்டால் அது ஊர்ப் பொருள். யாருக்குத் தேவையோ எடுத்துக்கொள்ளலாம், திருட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்தச் சுருளையும் மழை முடிந்ததும் ஆளுக்குக் கொஞ்சமாக வெட்டிப் பகிர்ந்திருக்கிறார்கள்.

மாமனார் வீட்டுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். அடுப்புக்கு மேலே பரணில் விதைப்பூண்டு கட்டுக் கட்டாகத் தொங்கும். புகைபட்டால்தான் அடுத்த விதைப்புவரை கெடாமல் இருக்கும். அவர் நிமிர்ந்து அந்தக் கட்டுகளைப் பார்த்தார். நான் ஸ்டூலில் ஏறி, கட்டுகள் தொங்கிய கறுத்த கொடியைத் தொட்டு, கட்டைவிரலால் கரியைத் துடைத்தேன். அரசுச் சொத்து என்று வெள்ளை எழுத்து தெரிந்தது. கல்யாணமான நாள் முதல் அதன் கீழேதான் நான் சமைத்துக்கொண்டிருந்தேன்.

"எலி கடிக்கல, புகைக்கும் இத்துப்போகல. நல்ல கயிறுன்னு நெனச்சோம்மா" என்றார் மாமனார்.

"கவர்மெண்டுதான் குடுக்கணும்னு தெனமும் சண்டை போட்டீங்களே மாமா. குடுத்துருக்காங்க. நீங்க அதுல பூண்டக் கட்டிருக்கீங்க." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் நிறுத்த முடியவில்லை.

அவர் கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தார். ஈரக்காற்று அடிக்கும் பருவம். கீழே வைத்தால் விதை முளைத்துவிடும் என்று எனக்கே தெரியும். "வேண்டாம் மாமா" என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு அந்த வயர் வேண்டும்.

ஆபீஸிலிருந்து வந்தவர் ஒரு முனையில் சிவப்பு விளக்கு எரியும் பேனா ஒன்றைச் சொருகினார். "உள்ள கண்ணாடி நாருங்க. துண்டுகள ஒட்டிச் சேத்துக்கலாம், ஆனா பாரம் தொங்குனதுல ஒடிஞ்சிருக்கும். எதுக்கும் பாப்போம். அந்த முனையில சிவப்பாத் தெரியுதாங்க?"

மாமனார் மறுமுனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு குனிந்தார், திருப்பினார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இருட்டாத்தான் இருக்குங்க" என்றார்.

மற்ற வீட்டுத் துண்டுகளும் இப்படித்தான் இருக்கும், புதுச் சுருள் கேட்டு மேலே எழுதவேண்டும், வரும்போது வரும் என்று சொல்லிவிட்டு வந்தவர் போய்விட்டார். மாதக் கடைசியும் வந்தது. கணவர் பழனி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஜீப்பில் கொண்டுவந்து விட்டார். ஆயக்குடிக் கொய்யா வாங்கிக் கொடுத்தார். இரண்டு பேரும் ஒரு துண்டுகூடச் சாப்பிடவில்லை.

நான் போன பிறகு மாமனார் ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசியிருக்கிறார். கோயில் திருவிழாவுக்கு வரி போடுகிற மாதிரி வீட்டுக்கு வீடு வரி போடலாம், கேபிளை நாமே வாங்கிவிடலாம், மழை முடிஞ்சா ஊர்ச் சொத்து என்று இனி ஒருத்தனும் கைவைக்கக் கூடாது என்று. கேபிளை ஊர் வாங்கியது என்றதும் கொடைக்கானல் கேபிள்காரர் ஆளோடு வந்து இழுத்துக் கொடுத்தார். அரசாங்கப் பெட்டியில் சேர்க்கவும் அனுமதி வாங்கினார்கள். இப்போது யார் கொடுத்த நெட் என்று அடுப்பங்கரையில் புது வழக்கு நடக்கிறதாம்.

நேற்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ கால் வந்தது. எடுத்தால் மாமனார். முகத்தின் நரைமயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. போனைத் தூக்கிப் பரணைக் காட்டினார். "பாரு தாயி, இப்பச் சணல் கயிறுதான். உன் வயரத் தனியா ஆணி அடிச்சுக் கொண்டாந்திருக்கேன். ஜன்னலோரமா மேசையும் போட்டாச்சு." பின்னால் கணவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

வீட்டிலிருந்து வேலை என்ற ஏற்பாட்டையே கம்பெனி போன வாரம் நிறுத்திவிட்டது. எனக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும். அதை நான் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை.

"எப்பம்மா வர்ற?" என்றார்.

அந்த வளைவில் உட்கார்ந்து, டாக்டரின் பேச்சு நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் சிக்னலை எவ்வளவு திட்டித் தீர்த்திருப்பேன். நேற்று அந்தப் படம் ஒரு தடவை நின்று தொலைக்காதா என்று பார்த்தேன். நிற்கவில்லை. இரண்டு பேரும் அசையாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் அழுவது அவர்களுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.