எதிர்வீட்டுக்காரர் வேண்டாம் என்ற மாலை

2024 ஜூன் 15, சனிக்கிழமை. எழுந்ததும் மாடித் தொட்டியைத் தட்டிப் பார்த்தேன். தண்ணீர் பாதிக்குக் கீழே இருந்தது. துணி அலசிய தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றினேன். செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தேன். இட்லி, தேங்காய்ச் சட்னி. பிறகு மாலைக் கூட்டத்துக்கான பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்து, கால் ஆடும் நாற்காலியை எனக்கென்று ஒதுக்கிக்கொண்டேன். வேறு யாராவது விழுந்தால் அதையும் நான்தான் எழுத வேண்டும். எங்கள் வீதி குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதைச் சொன்னபடியே எழுதுவது என் பொறுப்பு.

அன்று புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய தலைவர் மகனோடு இருக்கப் பல்லடம் போகிறார். அடுத்தவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. என் எதிர்வீட்டுக்காரர்தான்.

அவர் பம்புசெட் பட்டறை நடத்தியவர். பட்டறையை மகனிடம் கொடுத்த பிறகு வீதியே அவருக்குப் பட்டறை ஆகிவிட்டது. சாக்கடை மூடி உடைந்தால் அளவெடுத்து இரும்புக் கம்பியில் மூடி செய்து மாட்டிவிடுவார். தெருவிளக்கு எரியாவிட்டால் லைன்மேனுக்குப் போன் போடுவார். "ஏனுங்க, சாப்ட்டீங்களா? அம்மாவுக்கு முட்டி வலி எப்படிங்க இருக்குது?" என்றுதான் ஆரம்பிப்பார். மழை, மாடு, மாப்பிள்ளை எல்லாம் விசாரித்து முடித்து, வைக்கப் போகும் நேரத்தில், "அப்புறம் அந்த லைட்டு ஒன்னுங்க" என்பார். சாயங்காலத்துக்குள் விளக்கு எரியும்.

மூலைக் காலிமனையில் குப்பை கொட்டுவதை நிறுத்தியதும் அவர்தான். முதலில் ஒரு பலகை வைத்தார்: "தயவு செய்து இங்கே குப்பை கொட்டாதீங்க." கொட்டினார்கள். அடியில் இன்னொரு வரி எழுதினார்: "சொன்னாக் கேளுங்க." கொட்டினார்கள். மூன்றாவதாக எழுதினார்: "இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றதுங்க." அதோடு நின்றுவிட்டது.

இவ்வளவு செய்தவருக்கு ஒரு பதவி கிடையாது. அந்தப் பதவி தனக்கு வரப்போகிறது என்று ஆனைமலையில் இருக்கும் சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார். அவர்கள் ஞாயிறு காலை பொன்னாடையோடு வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை காலையிலேயே அவர் வீட்டு வராண்டாவில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை தொங்கியது.

பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. எதிர்வீட்டு அம்மா ஒரு பெரிய தூக்குப்போசி நிறைய கேசரி கொண்டுவந்து மூடி வைத்திருந்தார். பழைய தலைவர் எழுந்து, எதிர்வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்:

"நீங்கதானுங்க இனித் தலைவரா இருக்கோணும்."

அவர் இரண்டு கையையும் ஆட்டினார். "ஐயோ, வேண்டாமுங்க. நமக்கெதுக்குங்க அதெல்லாம்."

நான் எழுதினேன்: மறுத்துவிட்டார். எழுதியதை உரக்கப் படித்துவிட்டு, "அடுத்து வேற யாருங்க?" என்று கேட்டேன்.

வீதியே என்னைத் திரும்பிப் பார்த்தது. எதிர்வீட்டுக்காரரின் கைகள் ஆடியபடியே காற்றில் நின்றன. எங்கள் பக்கத்தில் கேட்டவுடன் சரி என்று சொல்கிறவர் கிடையாது. காப்பி வேண்டுமா என்றால் இப்பத்தானுங்க குடிச்சேன் என்பார்கள். அதற்கு அர்த்தம் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போடுங்கள் என்பதே. மூன்று தடவை கேட்க வேண்டும். இது எனக்கும் தெரியும். ஆனால் காப்பி வேறு, கூட்ட நடவடிக்கை வேறு என்பது என் கருத்தாக இருந்தது.

அடுத்து யார் என்ற கேள்வி அந்தரத்தில் நின்றது. கடைசி வரிசையில், சென்னையிலிருந்து புதிதாகக் குடிவந்த கம்ப்யூட்டர்க்காரத் தம்பி போனிலிருந்து தலையைத் தூக்கி, "நான் வேணா இருக்கேன் சார். அதுக்கென்ன?" என்றார்.

முதல் தடவையிலேயே சரி! ஒரு பாட்டியம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். எதிர்த்துப் பேசுவது மரியாதை இல்லை என்பதால் எல்லோரும் கை தட்டினார்கள். எதிர்வீட்டுக்காரர்தான் பலமாகத் தட்டினார். அவர் மனைவி கேசரி மூடியைத் திறந்து, "பெரியவர் பல்லடம் போறாருங்கல்ல, அதுக்குத்தானுங்க செஞ்சேன்" என்று எல்லோருக்கும் வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார். என் இலைக்கு மட்டும் முந்திரி வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, அந்த மனுசன் வேண்டாமுன்னா உடனே எழுதிப்போடுவீங்களா?"

"அவர் வாயால சொன்னாருல்ல?"

"கலியாணத்துக்கு முன்னாடி நீங்க பொண்ணு பார்க்க வந்தப்ப நானுந்தான் வேண்டாமுன்னேன். அதையும் எழுதிப்போட்டு அடுத்த ஊட்டுக்குப் போயிருக்க வேண்டீதுதானுங்க!"

அவர் அதோடு விடவில்லை. "நாளைக்கு அவிய சம்பந்தி வந்து பொன்னாடைய யாருக்குப் போத்துவாங்க? அந்தச் சென்னைத் தம்பிக்குங்களா?" என்றார்.

உடனே அந்தத் தம்பி வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "சார், நான் தண்ணி என்னைக்கு வரும்னு கேக்கத்தான் வந்தேன். யாரும் வரலேன்னதும் சரின்னுட்டேன். எனக்கு வேணாம் சார், அவரே இருக்கட்டும்."

நான் பட்ட பிறகு கற்றுக்கொள்கிறவன். "மரியாதைக்குச் சொல்றீங்களா, நெசமாவே வேண்டாங்களா?" என்றேன்.

"நெசமா வேணாம் சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க. நீங்களே இருக்கலாமே?"

"சார், ப்ளீஸ்."

மூன்றாவது தடவையும் கேட்டேன். அவர் கதவைப் பாதி சாத்திக்கொண்டு வேணாம் என்றார். திருப்தியாக வந்தேன். தண்ணீர் என்றைக்கு வரும் என்று அவருக்குச் சொல்ல மறந்துவிட்டேன். அது எதிர்வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

ஞாயிறு காலை தொட்டியைத் தட்டவில்லை, செய்தித்தாளை எடுக்கவில்லை. முதல் வேலையாக வீதியைக் கடந்து எதிர்வீட்டு கேட்டைத் திறந்தேன். அவர் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக வராண்டாவில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி வேண்டாமுன்னுட்டாருங்க. நீங்கதான் தலைவரா இருக்கோணும்."

"ஐயோ, எனக்கெதுக்குங்க. சின்னப் பசங்க யாராவது பார்க்கட்டுமுங்க."

"நீங்க இல்லாம வீதி நடக்காதுங்க."

"அட, நீங்க வேற. வேண்டாமுங்க."

அதற்குள் அவர் மனைவி உள்ளேயிருந்து, "காப்பி குடிக்கறீங்களா?" என்றார். இப்பத்தானுங்க குடிச்சேன் என்றேன். காப்பி வந்தது. சர்க்கரை தூக்கலாக இருந்தது. நான் நிதானமாக ஆற்றிக் குடித்தேன்.

எதிர்வீட்டுக்காரர் வாசலைப் பார்த்தார், என் டம்ளரைப் பார்த்தார், மறுபடி வாசலைப் பார்த்தார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"ஏனுங்க, சம்பந்தி வண்டி கிணத்துக்கடவு தாண்டிருச்சாமுங்க. இன்னுங் கொஞ்ச நேரத்துல வந்துருவாங்க."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மூன்றாம் தடவை கேட்டேன்.