மீயா

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு இத்தாலியிலிருந்து ஒரு மெஷின் வந்தது. அதைப் பொருத்தி ஓட்டிக் கொடுக்க இரண்டு மெக்கானிக்குகளும் கூடவே வந்தார்கள். ஒருவர் மூத்தவர், ஒருவர் இளையவர். இருவருக்கும் ஊர் பெர்கமோ, இருவருக்கும் ஆங்கிலம் சுத்தமாக வராது. ஏதோ ஆசையில் ஆன்லைனில் இத்தாலியன் படித்து வைத்திருந்த என்னை மேனேஜர் பிடித்துக்கொண்டார்.

"மெஷின் ஓடட்டும்மா, உன்ன பர்மனெண்ட் பண்ணிடறேன்."

கான்ட்ராக்டில் கிடந்தவளுக்கு வேறென்ன வேண்டும்? தலையாட்டினேன்.

அதிலிருந்து எனக்கு விடுதலை கிடையாது. டீ குடிக்கப் போனாலும் ஆள் வந்து நிற்கும். இத்தாலிக்காரர்களோ என்னிடம் பேசும்போதுதான் இத்தாலியன் பேசுவார்கள். சிக்கல் என்று வந்தால் தங்களுக்குள் ஊர்ப் பேச்சுக்குத் தாவிவிடுவார்கள். நான் படித்ததில் ஒன்றும் அதற்கு உதவாது. எங்கள் லைனில் நான் போனதும் பையன்கள் கன்னடத்துக்கு மாறுவார்களே, அதே எரிச்சல். தூத்துக்குடியிலிருந்து வந்தவளுக்கு எங்கே போனாலும் இதே கதிதான்.

ட்ரயல் அன்று எல்லோரும் மெஷினைச் சுற்றி நின்றோம். மூத்தவர் குனிந்து அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டு இளையவரிடம், "அல் வா மீயா" என்றார்.

"என்னம்மா சொல்றாரு?" என்றார் மேனேஜர்.

நான் படித்த இத்தாலியனில் வா என்றால் போகிறது, மீயா என்றால் என்னுடையது. மனுஷன் மெஷினைக் கொஞ்சுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"நல்லா ஓடுதாம் சார்."

மேனேஜர் கைதட்டினார். உடனே மெஷினில் பீஸை ஏற்றி வேலையை ஆரம்பிக்கச் சொன்னார். மூத்தவர் பதறிப்போய்க் குறுக்கே வந்து நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நிதானமாக, எனக்குப் புரியும் இத்தாலியனில் சொன்னார். அவர்கள் ஊரில் மீயா என்றால் 'இல்லை'. மெஷின் சரியாக ஓடவில்லை.

அவர் சொன்னது எங்கள் ஆட்களில் வேறு யாருக்கும் புரியவில்லை. இப்போதுதான் ஏதோ கோளாறாம் என்று மாற்றிச் சொல்லிவிட்டால் வேலை தப்பிக்கும். வாய் வரை வந்துவிட்டது.

"சரியா ஓடலையாம் சார். நாந்தான் தப்பா சொல்லிட்டேன்."

"அப்போ இத்தன நாளா நீ சொன்னதெல்லாம்?"

பர்மனெண்ட் பேச்சு அன்றோடு போயிற்று. போய்த் தொலை என்று விட்டிருந்தாலாவது நிம்மதி, வேறு ஆள் கிடைக்காததால் அதுவும் இல்லை. மறுநாளும் அதே இடத்தில் நிறுத்தப்பட்டேன். நான் ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லி முடித்ததும், சரிதானா என்று மேனேஜர் அந்த மூத்தவரின் முகத்தைப் பார்ப்பார். அவரும் சிரித்துத் தலையாட்டுவார். அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது.